இளைஞரின் இயல்பும் மதுப்பழக்கமும்

குடிப்போர் அனைவரும் ஒரே தன்மையினர் அல்லர். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி, 10 முதல் 75 வயதுக்குட்பட்டோரில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களுள் சுமார் 5.7 கோடிப் பேருக்கு அது தீங்காகவோ அடிமைத்தனமாகவோ முற்றியுள்ளது. ஏனையோருக்கு அவ்வாறு நேராதது ஏன்? விலை, கடையின் அண்மை, நண்பர் வட்டம் ஆகியவற்றை மட்டும் கொண்டு இதற்கு விடை கூறிவிட முடியாது.

உளவியலார் இரு வழிகளைச் சுட்டுகின்றனர். பின்விளைவை எண்ணாது செயற்படுவோரும் கிளர்ச்சியைத் தேடுவோரும் களிப்பை நாடிக் குடிக்கின்றனர். அச்சமும் சோர்வும் மிக்கோர் அவற்றை மறப்பதற்காகக் குடிக்கின்றனர். இரண்டாம் வகையினர் அளவிற் குறைவாகவே அருந்தினும் சிக்கலுக்கு உள்ளாவதுண்டு. ஆதலின், எவ்வளவு குடிக்கிறான் என்பதோடு எதற்காகக் குடிக்கிறான் என்பதையும் கேட்டாக வேண்டும்.

இயல்பு முந்தியதா, குடி முந்தியதா? நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் பல்லாண்டுகளாகத் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகின்றனர். மூன்று வயதில் அடங்காத் துடிப்பைக் காட்டிய சிறுவரிடமும், அதற்கு நேர்மாறாக ஒடுங்கி நின்ற சிறுவரிடமும், 21-ஆம் வயதில் மதுச் சிக்கல்கள் ஏனையோரைவிட மிகுந்து காணப்பட்டன. தொடர்பு சிறிதே, எனினும் முதற் குவளைக்கு நெடுநாள் முன்பே அது தென்பட்டது. அதேபோது, இயல்பு மாறாத ஒன்றன்று. அமெரிக்காவில் 18 முதல் 35 வயது வரை தொடர்ந்து நோக்கப்பட்ட ஒரு குழுவில், துடிப்பும் மனக்கலக்கமும் தணிந்தவர்களிடம் குடிச் சிக்கலும் தணிந்ததை 2009-இல் வெளியான ஆய்வு காட்டிற்று.

லண்டன் பள்ளிகளில் நடந்த ஒரு சோதனை நிருவாகத்தினரின் கவனத்திற்குரியது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள், மாணவர்தம் இயல்புக்கேற்பக் குழுக்கள் அமைத்து இரண்டே அமர்வுகள் நடத்தினர். ஈராண்டுகளுக்குப் பின்னும் அப்பள்ளிகளில் குடி குறைந்திருந்ததாக 2013-இல் முடிவு வெளியாயிற்று. செலவு மிகக் குறைவு. (ஆயத்தீர்வையை நம்பி வரவு செலவுத் திட்டம் வகுக்கும் மாநிலங்களுக்கு இச்சிறு செலவு பெரிதாகத் தோன்றாது.)

ஆனால் நம் நாட்டில் இதனைக் கையாளுங்கால் ஓர் இடர் உண்டு. இயல்பை அளக்கும் வினாத்தாள், அறுபது மாணவர் அமர்ந்த வகுப்பில் இரகசியமாக இருத்தல் அரிது. ‘இவன் குடிக்கக்கூடியவன்’ என்னும் குறிப்பு பள்ளிப் பதிவேட்டில் ஏறிவிடின், கல்லூரிச் சேர்க்கையிலும் வேலைவாய்ப்பிலும் அது அவனைத் தொடரும். குடியாமலேயே அவன் தண்டனை பெறுவான். அமர்வுகள் முடிந்தவுடன் விடைத்தாள்களை அழித்துவிடுவதே முறை.