குட்டியின் கால்

“குதிரைக் குட்டியின் காலில் அப்படி என்ன ஆராய்ச்சி?” என்று விடுதி நண்பர்கள் என்னைக் கேலி செய்வதுண்டு. கால்நடை மருத்துவம் பயிலும் எனக்கு அந்தக் கால் ஒரு பாடம் புகட்டியது. அதனை இங்கே சொல்ல விழைகிறேன்.

குதிரை ஏறத்தாழ 11 மாதம் கருவைச் சுமக்கிறது. பிறந்த குட்டி ஒன்றிரண்டு மணி நேரத்தில் எழுந்து நிற்கும். உடல் சிறியது, கால்களோ நெடியவை. கால் எலும்புகளின் முனையருகே மெல்லிய குருத்தெலும்புப் படலம் உண்டு. அதனை வளர்தட்டு என்போம். எலும்பு நீள்வது இங்கேதான். புதிதாய்த் தோன்றும் குருத்தெலும்பு பின்னர் எலும்பாக இறுகுகிறது. வளர்ச்சி முடிந்ததும் தட்டும் எலும்பாகி மறைந்துவிடுகிறது.

தட்டின் இருபுறமும் ஒத்து வளர்ந்தால் கால் நேராக இருக்கும். ஒருபுறம் முந்தினால் கோணும். முழங்கால்கள் நெருங்கிப் பாதங்கள் அகன்று நிற்பது இளங்குட்டிகளிடம் சாதாரணம். சிறு கோணல் பெரும்பாலும் தானே நிமிரும். அளவான பாரம் விழும் பக்கம் சற்று விரைந்து வளர்ந்து ஈடுசெய்யும். பாரம் அளவு மீறினாலோ, அப்பக்கத்து வளர்ச்சி தடைப்பட்டுக் கோணல் மிகும்.

அப்படியானால் காத்திருக்கலாமா? எந்த மூட்டு என்பதைப் பொறுத்தது அது. குளம்புக்கு மேலுள்ள கணு மூட்டருகே விரைந்த வளர்ச்சி முதல் 3 மாதங்களிலேயே அடங்கிவிடும். முழங்காலுக்கு மேலுள்ள தட்டோ ஓராண்டு கடந்தும் வளரும்.

இந்த வேறுபாட்டைத்தான் நான் மறந்தேன். சென்ற ஆண்டு அருகிலுள்ள கிராமத்து இலாயத்தில், பிறந்து பத்து நாளான குட்டி ஒன்றைக் கண்டேன். கணுவுக்குக் கீழே இடக்கால் உட்புறமாகக் கோணியிருந்தது. உடையவர் கவலையோடு கேட்டார். “வளர வளரச் சரியாகிவிடும், ஐயா” என்றேன். பிறகு விடுமுறைக்கு ஊருக்கு வந்துவிட்டேன்.

திரும்பியபோது குட்டிக்கு 3 மாதம் கடந்திருந்தது. கோணல் அப்படியே இருந்தது. கணுவுக்கு மேல் வீக்கமும் கண்டிருந்தது. கால் வலுப்பட வேண்டுமென்று உடையவர் கடலையும் தவிடும் அள்ளி ஊட்டியிருந்தார். தவிட்டில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. உணவு மிகுந்து, தாதுக்கள் சமன் குலைந்து, உடல் விரைந்து பருத்தால் வளர்தட்டு அழற்சியுறும்.

எங்கள் ஆசிரியர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொன்னார்: “முழங்காலாயிருந்தால் இன்னும் நாளிருக்கும். இது கணு, தம்பி.” முதல் மாதத்தில் குளம்பைச் செதுக்கிச் சீர்செய்திருக்கலாம். அதுவும் போதாதெனில், முந்தி வளரும் வெளிப்புறத்தில் சிறு திருகாணி ஒன்றைத் தட்டின் குறுக்கே செலுத்தி, கால் நிமிர்ந்ததும் கழற்றியிருக்கலாம்.

தானியத்தைக் குறைத்து, தாதுக்களைச் சமன்செய்து, குட்டியை ஓடவிடாமல் வைத்தோம். வீக்கம் தணிந்தது. கோணல் நிலைத்துவிட்டது. உடையவர் என்னைக் கடிந்து ஒரு சொல் சொல்லவில்லை; அதுவே எனக்குச் சுட்டது.

இப்பொழுதெல்லாம் குட்டி எதனைக் கண்டாலும் நான் கேட்கும் முதற் கேள்வி, “பிறந்து எத்தனை நாள்?” என்பதே.