பாலத்தை மேலிருந்து பார்த்தால் போதாது... கீழே இறங்கிப் பாருங்கள்!

திருச்சி கொள்ளிடத்தில் 1928-ல் கட்டிய பாலம் 90 வருடம் நின்றது. திருவண்ணாமலை மாவட்டத்தில் தென்பெண்ணையின் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டி, 2024 செப்டம்பரில் திறந்த பாலம் மூன்றே மாதத்தில் வெள்ளத்தில் போனது. ‘அந்தக் காலத்து வேலை சுத்தம், இந்தக் காலத்து வேலை மோசம்’ என்று டீக்கடையில் தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். வேலையின் தரத்தைக் கேட்கத்தான் வேண்டும். ஆனால், இரண்டு பாலங்களையும் சாய்த்தது லாரி பாரம் இல்லை, ஆறு. ஆற்றின் போக்கைத் தினமும் பார்ப்பவர்கள் கரையோர விவசாயிகள்தான். அதனால்தான் பொறியாளர்கள் பார்க்க வேண்டிய இந்த விஷயத்தை நம் பத்திரிகையில் எழுதுகிறோம்.

கொள்ளிடத்துப் பழைய இரும்புப் பாலம், திருவானைக்காவல் பக்கத்தையும் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்தது. பக்கத்திலேயே புதிய பாலம் வந்ததும் 2016-ல் பழையதில் போக்குவரத்தை நிறுத்திவிட்டார்கள். 2018 ஆகஸ்ட்டில் பெருவெள்ளம் வந்தபோது நடுத்தூண்கள் சரிந்து, மேலே இருந்த பகுதியும் ஆற்றோடு போனது. முக்கொம்பில் 9 மதகுகள் உடைந்ததும் அதே மாதம்தான். பாலத்தில் வண்டி ஓடாததால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. மகாராஷ்டிராவில் மகாட் அருகே, சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த வெள்ளைக்காரர் காலத்துப் பாலத்துக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2016 ஆகஸ்ட் 2 இரவு, ஓடிக்கொண்டிருந்த அரசுப் பேருந்துகளோடு அது ஆற்றில் போனது. ‘பாலத்தை மூடிட்டாங்க, பத்து கிலோமீட்டர் சுத்திப் போறோம்’ என்று நாம் சலித்துக்கொள்ளும்போது இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

தூணடியில் நடப்பது என்ன?

மடை திறந்து தண்ணீர் வேகமாக ஓடும்போது வாய்க்காலில் ஒரு கல்லைப் போட்டுப் பாருங்கள். கல்லில் மோதும் தண்ணீர் கீழ்நோக்கி இறங்கிச் சுழன்று, கல்லைச் சுற்றி மண்ணைப் பறிக்கும். சற்று நேரத்தில் கல் அந்தக் குழியிலேயே சாயும். பாலத் தூணுக்கும் இதே கதிதான். மணல் ஆறுகளில் பல பாலங்கள் கிணறு அஸ்திவாரத்தின் மேல் நிற்கின்றன. நாம் உறை கிணற்றுக்கு உறை இறக்குவதுபோல, பெரிய கான்கிரீட் வளையங்களை ஆழமாக இறக்கி, அதன் மேல் தூணை எழுப்புவார்கள். சுற்றியுள்ள மணலின் பிடிமானத்தில்தான் அந்தக் கிணறு நேராக நிற்கிறது. மணல் குறைந்தால் பிடியும் குறையும்.

வெள்ளம் உச்சத்தில் ஓடும்போது விழும் குழி, வெள்ளம் வடியும்போது வண்டல் வந்து மூடிக்கொள்ளும். கோடையில் போய்ப் பார்த்தால் எல்லாம் சமமாக, அழகாக இருக்கும். அந்தப் புது மண்ணுக்குப் பழைய மணலின் இறுக்கம் கிடையாது. அடுத்த வெள்ளத்தில் முதலில் கிளம்புவது அதுதான்.

இது ஆறு தானாகச் செய்வது. இதற்கு மேல் நாம் செய்வது, மணல் அள்ளுவது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016-ல் வெளியிட்ட மணல் எடுப்பு வழிகாட்டுதலில், பாலத்துக்கு மேல்புறம் குறைந்தது 250 மீட்டர், கீழ்ப்புறம் குறைந்தது 500 மீட்டருக்குள் மணல் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. பாலம் நீளமாக இருந்தால் இந்தத் தூரமும் கூடும். கீழ்ப்புறத்துக்கு ஏன் இரட்டிப்புத் தூரம்? ஆற்றில் ஒரு பள்ளம் தோண்டினால், அதன் மேல்பக்க விளிம்பு சரிந்துகொண்டே போகும். பள்ளம் நீரோட்டத்துக்கு எதிராக நகர்ந்து நகர்ந்து பாலத்தை நோக்கி ஏறும். ‘பாலத்தைத் தாண்டி, கீழேதானே அள்ளுறோம்’ என்ற பேச்சு எடுபடாது. கிணறுகளில் தண்ணீர் இறங்குவதும் பாலத்தூண் வெளியே தெரிவதும் ஒரே ஆற்றில் சேர்ந்து நடந்தால், இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கொள்ளிடத்தின் புதிய பாலத்துக்கும் இந்தக் கவலை தீரவில்லை. தூண்களைக் காக்க ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த தடுப்புச் சுவரில் ஒரு பகுதி 2024 ஆகஸ்ட் வெள்ளத்தில் உடைந்து போனது.

தென்பெண்ணைப் பாலத்தின் கதை வேறு. அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் இடையே இருந்த அந்தப் பாலம், ஃபெஞ்சல் புயல் மழையில் சாத்தனூர் அணையிலிருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்தபோது அடித்துச் செல்லப்பட்டது. கணக்கிட்ட அளவைவிடப் பல மடங்கு தண்ணீர் வந்துவிட்டது என்பது அரசுத் தரப்பின் விளக்கம். இருக்கலாம். ஆனால், பெரிய அணைக்குக் கீழே பாலம் கட்டும்போது, அணை முழுவதும் திறந்தால் எவ்வளவு வரும் என்பதுதானே முதல் கணக்காக இருக்க வேண்டும்?

பாலம் நின்றாலும் பாதை போகும்

2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் கொட்டிய மழையை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணியில் ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலை அரித்துப் போய், ஊர் துண்டிக்கப்பட்டது. பாலம் கான்கிரீட், அதில் ஏறும் சாலையோ வெறும் மண் மேடு. வெள்ளத்துக்கு இளைத்த இடம் அதுதான். தண்ணீர் வடிந்த பிறகும் ஆபத்து இருக்கும். உள்ளே மண் கரைந்து, மேலே தார் மட்டும் அப்பளம்போல நிற்கும். இரவில் பால் கேனோடு பைக்கில் போகிறவருக்கு அது தெரியாது.

மேல்பகுதிக்கு வருவோம். திருச்சி காவிரிப் பாலம் 1976-ல் திறக்கப்பட்டது. 2022 செப்டம்பரிலிருந்து சுமார் ஐந்தரை மாதம் அதை மூடி வேலை பார்த்தார்கள். தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவில் இருக்கும் தாங்கிகளையும், தளங்களுக்கு இடையிலான இணைப்புகளையும் மாற்றினார்கள். வெயிலில் கான்கிரீட் நீளும், குளிரில் சுருங்கும். அதற்கு இடம் கொடுப்பவை இவை. துருவேறியோ மண் அடைத்தோ இறுகிவிட்டால் கான்கிரீட் வெடிக்கத் தொடங்கும். பேருந்து போகும்போது பாலம் லேசாக அதிர்வது இயல்புதான், பயப்பட வேண்டாம்.

தரைப்பாலங்களைப் பற்றி ஒன்று. மாநிலத்தில் 1,200-க்கும் மேற்பட்ட தரைப்பாலங்களை உயர்மட்டப் பாலங்களாக மாற்றும் திட்டத்தை அரசு அறிவித்து, வேலை நடந்துவருகிறது. உங்கள் ஊருக்கு வரும்வரை, ஓடும் தண்ணீரில் இறங்காதீர்கள். ஓரடித் தண்ணீர் சிறிய காரை நகர்த்திவிடும். இரண்டடி பெரும்பாலான வண்டிகளை இழுத்துவிடும். ‘டிராக்டர் தாங்கும்’ என்பவர்கள், தண்ணீருக்கடியில் தளம் இருக்கிறதா என்பதே தெரியாது என்பதை யோசிக்க வேண்டும்.

எதைப் பார்ப்பது? யாரிடம் சொல்வது?

ஆண்டுக்கு இரண்டு முறை, ஆடிக்கு முன்பும் மழைக்காலம் முடிந்த பிறகும், பாலத்துக்குக் கீழே ஒரு நடை போய்வாருங்கள். தூணில் பழைய மணல் மட்டத்தின் கறை இருக்கும். இப்போதைய மணல் அதைவிட எவ்வளவு கீழே இருக்கிறது என்று பாருங்கள். முன்பு மறைந்திருந்த கிணற்றுத் தலை வெளியே தெரிகிறதா, கம்பி துருவேறித் துருத்துகிறதா, தளத்தின் விளிம்புக் கோடு எங்காவது தொய்ந்திருக்கிறதா என்று கவனியுங்கள். விரிசலில் ஆலோ அரசோ முளைத்திருந்தால், சின்னச் செடிதானே என்று விடாதீர்கள். வேர் உள்ளே போனபின் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும். துறையினரிடம் சொல்லி வேரோடு அழிக்க வைக்க வேண்டும்.

புகார் அலைக்கழிவது, பாலம் யாருடையது என்று தெரியாததால்தான். கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை. 1033 என்ற எண்ணில் சொல்லலாம். பச்சை மாநில நெடுஞ்சாலை, நீலம் அல்லது கறுப்பு மாவட்டச் சாலை. இரண்டுக்கும் மாநில நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடம் மனு கொடுக்க வேண்டும். ஊராட்சி, ஒன்றியச் சாலை என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர். எங்கும் நகரவில்லை என்றால் முதல்வரின் உதவி மையம் 1100. வெள்ள நேரத்தில், உடனடி ஆபத்து என்றால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077.

மனுவில் ‘பாலம் மோசமாக உள்ளது’ என்று மட்டும் எழுதினால் வேலை ஆகாது. சாலையின் பெயர், கிலோமீட்டர் கல்லின் எண், எந்தக் கரையிலிருந்து எத்தனையாவது தூண், மணல் எத்தனை அடி இறங்கியிருக்கிறது, படம் எடுத்த தேதி ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். போன வருடப் படமும் இந்த வருடப் படமும் ஒரே இடத்திலிருந்து எடுத்தவையாக இருந்தால் இன்னும் நல்லது. கிராம சபையில் தீர்மானமாகப் போட்டு, நகலையும் மனுவோடு இணைத்துவிடுங்கள். ஒப்புகைச் சீட்டு வாங்க மறக்காதீர்கள்.