மனநோய்: முன்னறிகுறிகளை அறிவோம்

காய்ச்சல் கண்டவரின் நெற்றியைத் தொட்டதும் நோய் தெரிந்துவிடுகிறது. மனநோய்க்கு அவ்வாறு தொட்டறியும் அடையாளம் இல்லை. பெரும்பாலும் அது நடத்தையில் தோன்றும் மாறுதலாகவே முதலில் வெளிப்படுகிறது. அம்மாறுதலை முதலில் காண்பவர் மருத்துவர் அல்லர். உடன் வாழும் குடும்பத்தினரும், உடன் பணிபுரிவோரும், ஆசிரியர்களுமே ஆவர்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பு அறிவியல் நிறுவனம் 2015-16ஆம் ஆண்டுகளில் 12 மாநிலங்களில் தேசிய மனநல ஆய்வை நடத்தியது. வயது வந்தோரில் 10.6 சதவீதத்தினர் மனநலக் கோளாறுகளுக்கு உள்ளாகியிருப்பதாக அது கண்டறிந்தது. இவர்களுள் மிகப் பெரும்பாலோர் சிகிச்சை பெறவில்லை. மருத்துவர் பற்றாக்குறை இதற்கு ஒரு காரணம். நோயை நோயென்று உணராமை மற்றொரு காரணம்.

மாறுதலே அளவுகோல்

இயல்பிலேயே அமைதியானவர் அமைதியாக இருப்பது நோயன்று. கலகலப்பாகப் பழகியவர் வாரக்கணக்கில் எவருடனும் பேசாதிருப்பது கவனத்திற்குரியது. எனவே ஒருவரைப் பிறரோடு ஒப்பிடாமல், அவருடைய முந்தைய நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

உறக்கமும் பசியும் குறைதல் அல்லது மிகுதல், குளிப்பதிலும் உடுத்துவதிலும் அக்கறையின்மை, படிப்பிலோ பணியிலோ சரிவு, காரணமற்ற எரிச்சல், முன்பு விரும்பியவற்றில் நாட்டமின்மை ஆகியன பொதுவான அறிகுறிகள். மனச்சோர்வுற்ற பலர் தலைவலி, உடல்வலி, களைப்பு என்றே முறையிடுவர். இவற்றுள் ஒன்று ஓரிரு நாள் தோன்றுவதால் அஞ்ச வேண்டியதில்லை. பல அறிகுறிகள் சேர்ந்து இரு வாரங்களுக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்வைக் குலைக்குமாயின், மருத்துவரை நாட வேண்டும்.

சிலவற்றிற்கு இரு வாரங்கள் காத்திருத்தலும் கூடாது. பிறர் காதில் விழாத குரல்கள் கேட்பதாகக் கூறுதல், தமக்கு எதிராகச் சதி நடப்பதாக ஆதாரமின்றி உறுதியாக நம்புதல், உறக்கமின்றியும் களைப்பறியாது அளவுமீறிப் பேசுதல், பணத்தை வாரி இறைத்தல் ஆகியன இத்தகையவை. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் இளமைப் பருவத்திலேயே தொடங்குகிறது. சிகிச்சை தாமதமாகத் தாமதமாக நலமடைதலும் கடினமாகிறது. முதியவரிடம் திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம் நோய்த்தொற்று போன்ற உடல்நோயின் விளைவாகவும் இருக்கலாம். அதற்கு உடனடி மருத்துவம் தேவை.

செய்ய வேண்டியது என்ன?

தனிமையில் அமர்ந்து பரிவுடன் பேசுவதே முதற்படி. அறிவுரையினும் செவிமடுத்தலே பயனுடையது. வாழ்வில் பயனில்லை என்று ஒருவர் கூறினால், உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் உண்டாவதில்லை. மாறாக, மனச்சுமையை இறக்கி வைக்க வழி பிறக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாது மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

அலுவலகத் தலைவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. நெடுநாள் நன்கு உழைத்த ஊழியர் திடீரென வேலைக்கு வராதிருந்தால், விளக்கம் கோரும் குறிப்பாணையை அனுப்புமுன் அவரை அழைத்துப் பேசுதல் நன்று. பணிக்காலத்தில் இயலாமைக்கு உள்ளாகும் அரசு ஊழியரைப் பணிநீக்கமோ பதவியிறக்கமோ செய்யலாகாது என்பது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 வகுத்துள்ள பொது விதி. அச்சட்டம் மனநோயையும் உள்ளடக்கியது.

தேசிய மனநலத் திட்டம் 1982இல் தொடங்கப்பட்டது. அதன் வழியில் 1980களில் கர்நாடகத்தின் பெல்லாரி மாவட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்களுக்கும் சுகாதார ஊழியர்களுக்கும் மனநோயை இனங்காணும் பயிற்சி அளிக்கப்பட்டது. அந்த அனுபவத்தின் அடிப்படையில் 1996இல் மாவட்ட மனநலத் திட்டம் உருவாயிற்று. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி எந்நேரமும் அழைக்கலாம்.

நோய்க்குப் பெயரிடுவது மருத்துவரின் பணி. மாறுதலைக் கண்டு, காலம் தாழ்த்தாது, நோயுற்றவரை மருத்துவரிடம் சேர்ப்பது உடனிருப்போரின் பணி. பின்னது நடவாவிடில் முன்னதற்கு வாய்ப்பே இல்லை.