மாலாவில் இருப்பவரைக் கணினி பார்த்துவிட்டது, பிறகு?

கடைக்கால் தோண்டுமுன் கட்டடத்தைக் கணினிக்குள் முழுதாகக் கட்டிப் பார்த்துவிடுவதற்குக் கட்டுமானத் துறையினர் வைத்திருக்கும் பெயர் ‘பிம்’. வெறும் முப்பரிமாணப் படம் என்று இதை நினைத்துவிடக் கூடாது. இதில் வரும் ஒவ்வொரு சுவருக்குள்ளும் அதன் தடிமன், பொருள், விலை, எந்த மாதம் எழும்பும் என்பது வரை எல்லாம் பதிந்திருக்கும். கட்டடக்கலைஞர், தூண்களைக் கணக்கிடுபவர், மின்சாரப் பொறியாளர், குழாய் போடுபவர் எனத் தனித்தனியே மாதிரி செய்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவார்கள். கழிவுநீர்க் குழாய் ஒரு உத்திரத்தைத் துளைத்துக்கொண்டு போனால் கணினி உடனே காட்டிக்கொடுத்துவிடும். திரையில் அதைத் திருத்த அரை மணி நேரம் போதும். கான்கிரீட் இறுகிய பின் திருத்துவதென்றால் உளியும் சுத்தியலும் வழக்கும்தான். நாக்பூர் மெட்ரோ போன்ற பெரிய வேலைகளில் இந்த முறை கைகொடுத்திருக்கிறது. ஆனால் கணினிக்குத் தெரிவது பொருளோடு பொருள் மோதுவது மட்டுமே. ஒரே அறையை இரண்டு பேர் தங்களுடையது என்றால் அதற்கு அங்கே சிவப்பு விளக்கு எரிவதில்லை. மும்பையின் தாராவிக் குடிசைப் பகுதியில் இப்போது நடக்கும் வேலையைப் பார்த்தால் இந்தக் குறை எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

தாராவி மறுசீரமைப்புத் திட்டம் 2004இல் அறிவிக்கப்பட்டது. பல டெண்டர்களைக் கடந்து, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலத்தில் அதானி குழுமத்திடம் சென்றது. இன்று அந்தக் குழுமத்துக்கு 80 விழுக்காடும் மகாராஷ்டிர அரசுக்கு 20 விழுக்காடும் பங்குள்ள ஒரு நிறுவனம் இதை நடத்துகிறது. 2024 மார்ச்சில் தாராவியின் கமலா ராமன் நகரில் கணக்கெடுப்பு தொடங்கியது. ட்ரோன் மேலிருந்து படமெடுக்க, லேசர் கதிரால் அளக்கும் லைடார் கருவி சந்துக்குள் சென்று சுவர்களை அளக்க, வீட்டுக்கு வீடு போகும் ஆட்கள் காகிதங்களைச் செயலியில் பதிவுசெய்ய, தாராவிக்குக் கணினிக்குள் ஒரு இரட்டைப் பிறவி உருவாகியது. இந்தியாவில் ஒரு குடிசைப் பகுதியை இவ்வளவு நுணுக்கமாக அளந்தது அரிது. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் அளவையில் இல்லை, அளந்ததை யார் எப்படி வகைபிரிக்கிறார்கள் என்பதில் இருக்கிறது. மும்பைத் தமிழர் ‘மாலா’ என்று சொல்லும் மேல்தளத்தையும், அதற்கு ஏறும் இரும்பு ஏணியையும் லைடார் தவறாமல் பார்க்கும். அரசின் விதியோ வேறு கண்ணால் பார்க்கிறது. 2000 ஜனவரி 1க்கு முன் தரைத்தளத்தில் குடியிருந்ததைக் காட்டினால் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர் இரண்டரை லட்சம் கட்டி வெளியே வீடு பெறலாம். மாலாவில் இருப்பவருக்கு, எத்தனை ஆண்டு இருந்தாலும், வெளியே, வாடகையைத் தவணைபோல் கட்டிச் சொந்தமாக்கும் வீடுதான். கீழே ஒரு குடும்பமும் மாலாவில் இன்னொரு குடும்பமும் இருந்தால், ஒரே கூரையின்கீழ் வாழ்ந்த இரண்டில் ஒன்று தாராவியிலேயே தங்க, மற்றது வெளியே அனுப்பப்படலாம். கணினி மாதிரி இதில் நடுநிலையாக இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் ‘தளம்’, ‘பயன்பாடு’, ‘உரிமையாளர்’ என்ற கட்டங்களை அதில் வரைந்த அன்றே பாதித் தீர்ப்பு எழுதப்பட்டுவிட்டது.

என் வாதம் இதுதான்: மாதிரிக்குள் இருப்பவர்கள் அதைத் திருத்த முடியாதவரை, அது எத்தனை மில்லிமீட்டர் துல்லியமாக இருந்தாலும் முடிந்த மாதிரி ஆகாது. இதற்குத் தாராவியிலேயே சான்று உண்டு. 1985இல் ராஜீவ் காந்தி மும்பைக்கு நூறு கோடி ரூபாய் அறிவித்து, அதில் ஒரு பகுதி தாராவிக்கு வந்தபோது, அரசு கையில் இருந்த மக்கள்தொகைக் கணக்கை உள்ளூர்க்காரர்கள் ஏற்கவில்லை. கோலார் தங்கவயலிலிருந்து வந்த தமிழர் ஜாக்கின் அற்புதம் தலைமையிலான தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பு தானே இறங்கி எண்ணியது. சுமார் 5.3 லட்சம் பேர் என்று வந்தது; அரசின் மதிப்பீட்டைவிட மிக அதிகம். லேசர் இல்லை, செயலி இல்லை. எந்தக் கதவுக்குப் பின்னால் எத்தனை அடுப்பு எரிகிறது என்பது தெரிந்தவர்கள் எண்ணினார்கள், அவ்வளவுதான்.

ஆளாளுக்குக் கருத்துக் கேட்டால் வேலை எப்போது முடியும் என்பது நியாயமான கேள்வி. தாமதத்தின் வரலாற்றைப் பார்ப்போம். 2019இல் முடிந்த ஏலம் 2020இல் ரத்தானது. மாட்டுங்காப் பக்கத்து ரயில்வே நிலத்தைச் சேர்ப்பதில் எழுந்த சிக்கலே சொல்லப்பட்ட காரணம். அதாவது அரசும் அரசும் பேசி முடிக்காததால் போன காலம் அது. சந்துக்காரர்களைக் கேட்டதால் போன காலம் என்று அதைச் சொல்ல முடியாது. மாதிரியைத் திறந்து காட்டினால் ஆளுக்கொரு மாலா கட்டிவிடுவார்கள் என்ற அச்சமும் உண்டு. தேதியிட்ட லேசர் அளவு கையில் இருக்கும்போது அந்த அச்சம் வலுவிழக்கிறது. நேற்று எழும்பிய சுவரைக் காட்டிக்கொடுப்பது அதே கருவிதான். தகுதிப் பட்டியலான அனெக்சர்-2 மீது ஆட்சேபம் சொல்ல வழி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஆனால் அங்கே வாதாட முடிவது ‘நான் தகுதியானவனா’ என்பதை மட்டும். ‘என் வீட்டை நீங்கள் புரிந்துகொண்ட விதம் தப்பு’ என்று சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை.

படிக்காதவர்களுக்கு வரைபடம் விளங்காது என்பதுதான் எனக்கு மிக எரிச்சலூட்டும் மறுப்பு. மும்பையின் பைகுல்லா நடைபாதையில் வாழ்ந்த பெண்கள் 1980களில் ‘மகிளா மிலன்’ என்ற அமைப்பாகத் திரண்டு, தங்களுக்கு வேண்டிய வீட்டை முழு அளவில் நிறுத்திக் காட்டினார்கள். பதினான்கடி உயர அறை, அதற்குள் ஒரு மாலா. தரைப்பரப்பு குறைவென்றால் உயரத்தில் ஈடுகட்டலாம் என்ற அந்தக் கணக்கை அவர்களுக்கு எந்த மென்பொருளும் சொல்லித்தரவில்லை. இன்று முப்பரிமாண மாதிரியைக் கைபேசியில் சுழற்றிக் காட்ட முடிகிற காலத்தில், விளங்காது என்பது சாக்கு.

பிம் வேலைக்கான உலகத் தரமான ஐஎஸ்ஓ 19650, 2018இல் வந்தது. ஒவ்வொரு தகவலும் நான்கு நிலை கடக்க வேண்டும் என்கிறது அது: வேலையில் இருப்பது, பகிரப்பட்டது, வெளியிடப்பட்டது, ஆவணமானது. ‘பகிரப்பட்டது’ என்ற நிலையில்தான் மற்றவர்கள் பார்த்துத் தப்புச் சொல்வார்கள். தாராவியில் அந்த நிலை பொறியாளர்களுக்கும் அதிகாரிகளுக்கும் உண்டு, குடியிருப்பவருக்குக் கிடையாது. அவர் கைக்கு வருவது வெளியிடப்பட்ட பட்டியல். செய்ய வேண்டியது பெரிய காரியமுமில்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் மாதிரியை மட்டும் ஒரு தாளில், அக்கம்பக்கத்தார் விவரம் கலக்காமல், தமிழிலோ மராத்தியிலோ இந்தியிலோ குஜராத்தியிலோ அச்சிட்டு, பட்டியல் முடியுமுன் கொடுக்கலாம். விடியுமுன் மாவு அரைத்து இட்லி வேகவைக்கும் பெண்ணின் தாளில் ‘குடியிருப்பு’ என்று மட்டும் இருந்தால், அடுப்பையும் கிரைண்டரையும் அவரே வரைந்து சேர்ப்பார். தாராவியின் குயவர் பகுதியான கும்பார்வாடாவில் இன்னொரு சிக்கல் வரும். அங்கே ஒரு சூளையைப் பல குயவர் குடும்பங்கள் முறைவைத்துப் பயன்படுத்துகின்றன. ‘உரிமையாளர்’ என்ற கட்டத்திலோ ஒரே ஒரு பெயருக்குத்தான் இடம்.