தீப்பெட்டிப் படங்களும் கணினி அட்டவணையும்

சிவகாசி மழை வளம் குறைந்த ஊர். அங்கே பிழைப்பிற்கு வேறு வழி தேட விரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922ஆம் ஆண்டில் கல்கத்தாவிற்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் தொடங்கிய தீப்பெட்டித் தொழிலை ஒட்டிப் பட்டாசுத் தொழிலும் அச்சுத் தொழிலும் அவ்வூரில் வேரூன்றின.

பெட்டிதோறும் ஒட்டப்பெற்ற சிறு படம் அச்சகங்களுக்கு இடையறாத வேலை தந்தது. எழுத்தறியாதவரும் தமக்கு வேண்டிய பெட்டியை இனங்கண்டு வாங்குதற்கு அப்படமே துணை. ஆதலின் விலங்கு, பறவை, மலர், தெய்வம், தலைவர் எனப் பலவும் அதில் இடம் பெற்றன. குச்சி தீர்ந்ததும் பெட்டி குப்பைக்குச் செல்லும். படத்தை மட்டும் சிறுவர் உரித்துச் சேர்ப்பர். உலகின் பல நாடுகளிலும் இவ்வழக்கம் உண்டு.

எனினும், சேர்த்தவை எல்லாம் சேகரிப்பு ஆகா. வேண்டியபோது வேண்டியதை எடுக்க இயலாதாயின் அது வெறுங்குவியலே. குவியலைச் சேகரிப்பாக்குவது அட்டவணை.

அட்டவணைக் கலையில் உலகப் புகழ் பெற்றவர் சீர்காழியில் 1892இல் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். சென்னைப் பல்கலைக்கழக நூலகராக 1924இல் அமர்ந்த அவர், நூலகக்கலை பயில இலண்டனுக்குச் சென்றார். அங்கே ஒரு பெருங்கடையில் ‘மெக்கானோ’ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டார். அதே தகடுகளையும் திருகாணிகளையும் வெவ்வேறு வகையாக இணைத்துப் பற்பல உருவங்களைச் செய்து காட்டினர். நூலின் பொருளையும் இவ்வாறே சிறுசிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்துக் குறிக்கலாம் என்ற எண்ணம் அவருக்குத் தோன்றிற்று. அவ்வெண்ணத்தின் பயனாகிய ‘கோலன் பகுப்புமுறை’ 1933இல் வெளிவந்தது.

பொருளைக் கூறு கூறாகப் பிரித்தறியும் முறையை இன்று இணையத்திலும் காணலாம். சிறுவர் அடுக்கி விளையாடும் லெகோ கட்டைகளை வாங்கவும் விற்கவும் 2000ஆம் ஆண்டில் தோன்றிய ‘பிரிக்லிங்க்’ தளத்தில், கட்டையின் வடிவத்திற்கு ஓர் எண் உண்டு. நிறம் தனியே குறிக்கப்பெறும். இவ்விரண்டையும் கொண்டு ஆயிரக்கணக்கான கட்டைகளுள் ஒன்றை நொடியில் தேடி அறியலாம். தீப்பெட்டிப் படங்களுக்கும் இம்முறை பொருந்தும். பெயர், உருவம், நிறம், செய்தவர், ஊர், காலம் என்பன அவற்றின் கூறுகள்.

முதலில் படம் ஒவ்வொன்றிற்கும் ஒரு பதிவெண் அளித்தல் வேண்டும். அதனைப் படத்தின்மேல் எழுதலாகாது. படத்தை இடும் உறையின்மேல் எழுதுதலே முறை. பின்னர் மின்வருடியால் படத்தைப் படியெடுத்து, கணினி விரிதாளில் படம் ஒன்றுக்கு ஒரு வரியும், கூறு ஒன்றுக்கு ஒரு கட்டமும் அமைத்தல் வேண்டும். ‘கோல்நெக்ட்’ போன்ற இணைய அட்டவணைகளில் பல நாட்டினர் தம் படங்களைப் பதிந்துள்ளனர். அவற்றோடு ஒப்பிட்டால், ஒரே படம் போலத் தோன்றுவனவற்றின் வேறுபாடுகளும் புலப்படும்.

காலத்தை அறிதல் அரிது. ஆயினும் படத்திலுள்ள எழுத்துகள் சில வேளைகளில் சான்று கூறும். விலை ‘நயா பைசா’ எனக் குறிக்கப்பெற்றிருப்பின், அது 1957க்கு முற்பட்டதன்று. முகவரியில் அஞ்சல் குறியீட்டெண் இருப்பின், அது 1972க்கு முற்பட்டதன்று. ‘காமராசர் மாவட்டம்’ என்றிருப்பின், மாவட்டம் அமைந்த 1985ஆம் ஆண்டிற்கு முற்பட்டதாகாது. சான்று இல்லாவிடின் அக்கட்டத்தை வெறுமையாக விடுதலே நேர்மை. உய்த்துணர்ந்த ஆண்டை உறுதிபோல் எழுதினால், அப்பிழை இணையத்தின் வழியே பலருடைய அட்டவணைகளுக்கும் பரவும்.

படத்திலிருந்து அறிய இயலாத செய்தியும் உண்டு. குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் உழைத்தவருள் பெண்டிர் மிகப் பலர். முன்னாளில் சிறுவர் சிறுமியரும் அவ்வேலையில் அமர்த்தப்பெற்றனர். தீப்பெட்டித் தொழிலிலும் பட்டாசுத் தொழிலிலும் சிறுவரை அமர்த்துதலை 1986ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. படத்தில் வணிகப் பெயர் உண்டு. அதனை ஒட்டிய கையின் பெயர் இல்லை. ஆதலின் அட்டவணையில் ‘குறிப்பு’ என ஒரு கட்டம் அமைத்து, அத்தொழிலில் உழைத்த முதியோர் கூறுவனவற்றை அவர்தம் இசைவோடு எழுதி வைத்தல் வேண்டும். படத்தைப் பின்னரும் படியெடுக்கலாம். முதியோர் நினைவை அவர் உள்ளபோதே பதிதல் வேண்டும்.