பொழுது சாயும்போது டைம்லாப்ஸ்: வெளிச்சத்தைக் கேமராவிடம் விட்டுவிடலாமா?

மேகம் திரள்வதையும் பொழுது சாய்வதையும் சில நொடிகளில் வகுப்பறையில் காட்டிவிடலாம் என்பதே டைம்லாப்ஸின் பயன். பத்து நொடிக்கு ஒரு படம் வீதம் 55 நிமிடங்கள் எடுத்தால் 330 படங்கள். அவற்றை நொடிக்கு 25 படங்களாக ஓட்டினால் 13 நொடிக் காணொளி. இந்தக் கணக்கு எளிது. சிக்கல் வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

உச்சி வெயிலின் அளவு ஏறத்தாழ 1,00,000 லக்ஸ். சூரியன் மறையும் கணத்தில் அது சுமார் 400 லக்ஸாகிவிடும். சூரியன் தொடுவானத்துக்கு 6 டிகிரி கீழே இறங்கும்போது மிஞ்சுவது 3 லக்ஸ் அளவே. வெளிச்சம் பாதியாவதை ஒளிப்படக் கலையில் ஒரு ‘ஸ்டாப்’ என்பார்கள். 1,00,000-ஐ எத்தனை முறை பாதியாக்கினால் 3-ஐ நெருங்கும்? 15 முறை. அடுக்குகள் பாடத்தில் இதையே கணக்காகக் கொடுக்கலாம். அதிலும் கடைசி 7 ஸ்டாப்புகள் நம் ஊர்களில் 20 முதல் 25 நிமிடங்களுக்குள் முடிந்துவிடுகின்றன. லண்டனின் கோடையில் இதற்கு முக்கால் மணி நேரம் ஆகும். ஆக, நமக்கு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளிச்சம் பாதியாகிறது.

தானியங்கி முறையில் கேமரா ஒவ்வொரு படத்துக்கும் எக்ஸ்போஷரைப் புதிதாகக் கணக்கிடும். வெள்ளை மேகம் ஒன்று சட்டகத்துக்குள் வந்தால் படம் இருளும், விலகினால் வெளுக்கும். காணொளி மினுக்கும். மினுக்கலைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். எல்லாப் படங்களையும் ஒரே வெளிச்சமாகக் காட்ட கேமரா முயல்வதால், பொழுது இருள்வதே மறைந்துபோகும். “வெளிச்சம் எப்போது வேகமாகக் குறைந்தது?” என்று மாணவர்களைக் கேட்டால், அவர்கள் காணொளியைப் பார்த்துத் தவறான விடைதான் சொல்வார்கள்.

எனவே பாடத்துக்காக எடுப்பவர்கள் எக்ஸ்போஷரைப் பூட்டிவிடுவதே நல்லது. பல கைப்பேசிகளில் திரையை விரலால் அழுத்திப் பிடித்தால் பூட்டுக் குறி தோன்றும். உச்சி வெயிலில் பூட்டினால் அந்தியில் கறுப்புத்தான் மிஞ்சும். சூரியன் மறைய கால் மணி நேரம் இருக்கும்போது, சூரியனை விட்டு விலகிய வானப் பகுதியைத் தொட்டுப் பூட்டுங்கள். முடிவில் படம் இருண்டுபோகும், நடந்ததும் அதுதானே!

அந்திக்குப் பிந்திய வானமும் தெளிவாக வேண்டுமென்றால் மேனுவல் முறைதான் வழி. அப்பர்ச்சரைத் தொடவே வேண்டாம். அதன் இதழ்கள் ஒவ்வொரு முறையும் துல்லியமாக ஒரே அளவில் மூடுவதில்லை, அதனாலும் மினுக்கல் வரும். முதலில் ஷட்டர் நேரத்தைக் கூட்டுங்கள். பத்து நொடி இடைவெளியில் எட்டு நொடியைத் தாண்டக் கூடாது. படத்தைச் சேமிக்கவும் கேமராவுக்கு நேரம் வேண்டும். அதன் பிறகு ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தலாம். சூரியன் மறைந்தபின் நிமிடத்துக்கு மூன்றில் ஒரு ஸ்டாப் கூட்டினால் ஏறக்குறையச் சரியாக வரும். இடையிடையே தெரியும் சிறு தாவல்களைத் தொகுப்பு மென்பொருளில் சமன் செய்துகொள்ளலாம். விடியற்காலை இதைவிடக் கடினம்: இருட்டில் தொடங்குவதால் வானம் எவ்வளவு வெளுக்கும் என்பதை முன்கூட்டி ஊகிக்க முடியாது.

ஒயிட் பேலன்ஸையும் ‘வெயில்’ குறியில் நிறுத்திவிடுங்கள். இல்லையேல் அந்தியின் செம்மையைக் கேமராவே ‘திருத்திவிடும்’. கண்ணாடி வழியே பார்க்கும் கேமராவில் சூரியனை நேராகப் பார்க்க மாணவர்களை அனுமதிக்க வேண்டாம். கைப்பேசி என்றால் விமானப் பயன்முறையில் வையுங்கள். நடுவில் ஓர் அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம்.