அடுக்கின் திசையும் மின்னோட்டத்தின் வழியும்

பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது என்பது பள்ளிப் பருவத்தில் நாம் அனைவரும் கற்ற பாடமாகும். மின்கம்பிக்கு மேலுறையாக அது பயன்படுவதும் அதனால்தான். இந்த எண்ணத்தை 1977ஆம் ஆண்டில் ஹிடேக்கி ஷிரகாவா, ஆலன் மக்டயார்மிட், ஆலன் ஹீகர் ஆகிய மூவரும் மாற்றினர். பாலிஅசிட்டிலீன் என்னும் பாலிமரின் படலத்தை அயோடின் ஆவியில் வைத்தபோது, அதன் கடத்துதிறன் ஏறத்தாழ ஒரு கோடி மடங்கு உயர்ந்ததை அவர்கள் கண்டனர். அதற்காக 2000ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பட்டது.

கடத்தும் பாலிமர் கிடைத்துவிட்டால், மையைப்போல் கரைத்து, தாளில் அச்சிடுவதுபோல் மின்னணுக் கருவிகளை அச்சிட்டுவிடலாம் என்ற நம்பிக்கை அதன்பின் வளர்ந்தது. ஆனால் ஆய்வாளர்கள் விரைவிலேயே ஓர் இடர்ப்பாட்டைச் சந்தித்தனர். ஒரே பெயருடைய பாலிமரைக் கொண்டு படலம் செய்தபோதும், ஒரு படலம் மின்னூட்டத்தை நன்கு கடத்தியது. மற்றொன்று கடத்த மறுத்தது. பொருளின் பெயர் மாறாதபோது பண்பு மட்டும் மாறியது ஏன்? இவ்வினாவுக்கான விடை, படலத்தினுள் மூலக்கூறுகள் அடுக்கப்பட்டிருக்கும் முறையில் இருந்தது.

இத்துறையில் மிகுதியாக ஆராயப்பட்ட பாலிஹெக்சைல்தயோஃபீனை எடுத்துக்கொள்வோம். நான்கு கரி அணுக்களும் ஒரு கந்தக அணுவும் சேர்ந்த தட்டையான வளையங்கள் சங்கிலியாகத் தொடர்வதே இதன் முதுகெலும்பு. ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஆறு கரி அணுக்கள் கொண்ட ஒரு வால் பக்கவாட்டில் நீள்கின்றது. முதுகெலும்பு மின்னூட்டத்தைச் சுமக்கின்றது. வால், பாலிமர் கரைப்பானில் கரைய உதவுகின்றது. படிகத்தில் இந்த முதுகெலும்புகள் 3.8 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் முகத்தோடு முகம் பொருந்தி அடுக்காகின்றன. வால்கள் இருக்கும் திசையிலோ ஓர் அடுக்குக்கும் அடுத்ததற்கும் ஏறத்தாழ 16 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி உண்டு. எனவே சங்கிலியின் நீளவாக்கிலும், முகம் பொருந்திய திசையிலும் மின்னூட்டம் எளிதில் செல்லும். வால்களின் திசையில் அதற்கு வழி அடைபட்டதுபோல்தான்.

அலமாரியில் இருக்கும் நூல்களை இங்கு நினைவிற்கொள்வோம். நூல்களைச் செங்குத்தாக நிறுத்திவைத்தால், ஏட்டிலிருந்து ஏட்டுக்குச் செல்லும் வழி கிடைமட்டமாக அமைகின்றது. அவற்றைப் படுக்கவைத்து அடுக்கினால் அவ்வழி மேல்கீழாக அமைகின்றது. பாலிமர்ப் படிகங்களும் தளத்தின்மீது இவ்விரு நிலைகளிலும் அமையக்கூடும். டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் தளத்தை ஒட்டிக் கிடைமட்டமாகச் செல்ல வேண்டும்; அதற்கு நிமிர்ந்த நிலையே ஏற்றது. சூரிய மின்கலத்தில் மின்முனைகள் படலத்தின் மேலும் கீழும் இருப்பதால், படுத்த நிலையே உகந்ததாகும். ஒன்றுக்கு ஏற்ற ஒழுங்கு மற்றொன்றுக்குத் தடையாகிவிடுவதை இங்கு நாம் காண்கின்றோம்.

திசையின் விளைவு எவ்வளவு பெரிது என்பதை 1999ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஹென்னிங் சிரிங்ஹவுஸும் அவருடைய குழுவினரும் அளந்து காட்டினர். மின்புலத்தில் மின்னூட்டம் எவ்வளவு விரைவாக நகர்கின்றது என்பதற்கான அளவை நகர்திறன் எனலாம். நிமிர்ந்த அடுக்குள்ள படலத்திற்கும் படுத்த அடுக்குள்ள படலத்திற்கும் இடையே அது 100 மடங்குக்கு மேல் வேறுபட்டது. வால்கள் 96 சதவீதம் ஒரே முறையில் இணைந்திருந்த பாலிமர் நிமிர்ந்து நின்றது. 81 சதவீதமே ஒழுங்காயிருந்த பாலிமர், தட்டைச் சுழற்றி விரைவாகப் படலமாக்கியபோது படுத்தது. வால்களை ஒரே முறையில் இணைக்கும் வேதியியல் வழிகளை ரிச்சர்ட் மெக்கல்லாவும் ரூபன் ரீக்கியும் 1992இல் தனித்தனியே கண்டறிந்திருந்தமையால்தான் இந்த ஒப்பீடு கைகூடியது.

வேதியியல் ஒழுங்கைத் தவிர, படலம் காயும் நேரமும் முக்கியமானது. குளோரோஃபார்ம் 61 பாகையில் கொதிப்பது. விரைவில் ஆவியாகி, மூலக்கூறுகள் தமக்குரிய இடத்தைத் தேடுமுன்பே அவற்றை உறையச் செய்துவிடுகின்றது. டிரைகுளோரோபென்சீன் 214 பாகையில் கொதிப்பது. அதில் கரைத்துப் படலமாக்கியபோது நகர்திறன் ஏறத்தாழ பத்து மடங்கு உயர்ந்ததாக 2004இல் அறியப்பட்டது. இவற்றோடு, படலம் அமரும் பரப்பின் வேதித்தன்மையும், பின்னர் அளிக்கப்படும் வெப்பமும் அடுக்கை மாற்றுகின்றன.

வெப்பத்தின் பங்கினைச் சூரிய மின்கலத்தில் தெளிவாகக் காண்கின்றோம். துருக்கியின் கொன்யா நகரில் பிறந்த செர்தார் சாரிச்சிஃப்ச்சியும் அவருடைய குழுவினரும் 2003இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில், இப்பாலிமரும் ஃபுல்லரீன் வகைப் பொருளும் கலந்த மின்கலத்தை மின்னழுத்தம் கொடுத்தவாறே சூடாக்கி, அதன் திறனை ஏறத்தாழ 3.5 சதவீதத்திற்கு உயர்த்தினர். எனினும் இதற்கும் ஓர் எல்லை உண்டு. ஒளியால் தூண்டப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவே பயணம் செய்யும். படிகங்கள் அளவுமீறி வளர்ந்து இரு பொருள்களும் பெருந்திட்டுகளாகப் பிரிந்தால், அது எல்லைக்கோட்டை அடையுமுன்பே வீணாகிவிடும்.

அப்படியாயின், ஒழுங்கு மிகுந்தால் கடத்தலும் மிகும் என்று பொதுவாகக் கூறிவிடலாமா? டிரான்சிஸ்டரைப் பொறுத்தவரைகூட அவ்வாறு கூற இயலாது என்பதை 2003இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு உணர்த்தியது. குட்டையான சங்கிலிகள் கொண்ட படலத்தில் படிகத்தன்மை மிகுதியாக இருந்தது. நகர்திறனோ, நெடுஞ்சங்கிலிப் படலத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு குறைந்திருந்தது. குட்டைச் சங்கிலிகள் தத்தம் படிகத்திற்குள் அடங்கிவிட, ஒரு படிகத்திற்கும் அடுத்ததற்கும் இடையே பாலமில்லை. நெடுஞ்சங்கிலியோ ஒரு படிகத்தில் தொடங்கி, ஒழுங்கற்ற இடைப்பகுதியைக் கடந்து, மற்றொரு படிகத்தில் புகுந்து இரண்டையும் இணைக்கின்றது. நகர்திறன் மிகுந்த பல புதிய பாலிமர்கள் முழுமையான படிகங்களே அல்ல என்பதையும், சிறு சிறு அடுக்குகளை நெடுஞ்சங்கிலிகள் இணைத்தாலே போதும் என்பதையும் 2013இல் வெளிவந்த ஆய்வு விளக்கியது.

ஆகவே படிக அமைப்பைக் கட்டுப்படுத்துவது என்றால், மின்னூட்டம் செல்ல வேண்டிய திசையில் அடுக்கை அமைத்து, அடுக்குக்கும் அடுக்குக்கும் தொடர்பு அறாமல் காப்பது என்றே நாம் பொருள்கொள்ள வேண்டும். படிகத்தை மிகுவிப்பது மட்டும் அதன் நோக்கமன்று. தொடர்பற்ற ஒழுங்கால் பயனில்லை. திசை தவறிய ஒழுங்கால் தீங்கும் உண்டு.

இப்போது இத்துறையின் முன்னிற்பது ஆலைக்குச் செல்லும் வழியாகும். இன்று ஆய்வகத்தின் சிறு மின்கலங்கள், வேறு பாலிமர்களையும் புதிய துணைப்பொருள்களையும் கொண்டு 19 சதவீதத் திறனைக் கடந்துவிட்டன. ஆயினும் அங்குப் பெரும்பாலும் விரலளவுத் தட்டைச் சுழற்றியே படலம் செய்கின்றனர். ஆலையிலோ மீட்டர்க் கணக்கில் ஓடும் தாளின்மீது அதனைப் பூச வேண்டும். பாய்வின் வேகமும் காயும் வேகமும் அங்கு வேறு. உடல்நலத்திற்குக் கேடான குளோரின் கரைப்பான்களையும் தவிர்த்தாக வேண்டும். கரைப்பானை மாற்றினால் அடுக்கும் மாறும். மயிரிழையின் பருமனில் ஆயிரத்தில் ஒரு பங்கே உள்ள ஒரு படலம் ஈரம் உலரும் அச்சிறு பொழுதில் எவ்வாறு அமைகின்றதோ, அதனைப் பொறுத்தே அச்சிட்ட மின்னணுவியல் என்னும் நம்பிக்கை ஆய்வகத்தைக் கடந்து மக்களின் கைக்கு வந்துசேரும்.